கேபிளும் வைஃபையும் ஒன்றாக ஓடும்போது எங்கே தப்பு நடக்கிறது?

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் வீட்டில், ஒரே லேப்டாப்புக்கு இரண்டு நெட் இருப்பது புதிதில்லை. கேபிள்காரரோ பிஎஸ்என்எல்லோ இழுத்துக் கொடுத்த ஃபைபர் ஒன்று, போன் ஹாட்ஸ்பாட் இன்னொன்று. இரண்டையும் போட்டுவிட்டு ஸ்பீடு ஏன் ஏறவில்லை என்று கேட்கிறார்கள். ஏறாது. இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஸ்பீடு அதில் சேராது.

அதுவும் சிலர் ஒரே ரூட்டரிலிருந்து கேபிளையும் செருகி, அதே ரூட்டரின் வைஃபையையும் போட்டு வைத்திருப்பார்கள். ரூட்டரைத் தாண்டி வெளியே போக ஒரே வழிதான். இதில் ஒரு லாபமும் இல்லை. வைஃபையை அணைத்துவிடலாம்.

இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும், ஒரு டவுன்லோடு ஒரு வழியாகத்தான் வரும். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் எத்தனை லேன் திறந்திருந்தாலும் ஒரு லாரி ஒரு லேனில்தானே போக முடியும்? இரண்டையும் சேர்த்துத் தருகிற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அவை தங்கள் சர்வர் ஒன்றை நடுவில் வைத்துப் பிரித்து அனுப்பி, அங்கே ஒட்டுகின்றன. நல்ல ஃபைபர் இருக்கிற வீட்டுக்கு அதற்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து.

அடுத்த தவறு, கேபிள் செருகிவிட்டால் லேப்டாப் அதைத்தான் பயன்படுத்தும் என்று நம்பிவிடுவது. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் 'மெட்ரிக்' என்று ஓர் எண் கொடுக்கிறது. எண் குறைவாக இருப்பதற்கு முன்னுரிமை. இணைப்பு எத்தனை எம்பிபிஎஸ் என்று காட்டுகிறதோ, அதை வைத்துத்தான் இந்த எண்ணைப் போடுகிறது. கேபிள் 1 ஜிபிபிஎஸ் (அதாவது 1000 எம்பிபிஎஸ்) காட்டினால் பிரச்சினை இல்லை. 100 எம்பிபிஎஸ் மட்டும் காட்டினால், வேகமான வைஃபை அதை முந்திவிடலாம். இந்த 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு கேபிளின் உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் வேண்டும். 4 கம்பி மட்டும் சரியாகப் பிடித்திருந்தால் 100-லேயே நின்றுவிடும். அவசரத்தில் கிரிம்ப் செய்த (கருவியால் அழுத்திப் பொருத்திய) முனைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். முனையை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்தில் அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ், ஐபிவி4, அட்வான்ஸ்டு என்று போய், ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துவிட்டு கேபிளுக்கு 10, வைஃபைக்கு 50 என்று நீங்களே போட்டுவிடலாம்.

இதைச் செய்த பிறகும் போன் டேட்டா கரைகிறதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நெட்டில் பழைய முகவரி முறை ஐபிவி4, புதியது ஐபிவி6. ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6 முகவரியும் தருகின்றன. உங்கள் கேபிள் நெட்டில் ஐபிவி4 மட்டும் இருந்தால், யூடியூப், கூகுள் போல ஐபிவி6 உள்ள தளங்களுக்கு லேப்டாப் போன் வழியாகவே போகும். ஐபிவி4 மெட்ரிக்கை எவ்வளவு குறைத்தாலும் பலன் இருக்காது. வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

போனை வயரில் செருகி அதன் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கிலும் கவனம் வேண்டும். லேப்டாப் அதை ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) என்றுதான் எண்ணிக்கொள்ளும். சார்ஜ் ஏற்றத்தானே செருகினோம் என்று இருப்பீர்கள்; டெதரிங் ஆனில் இருந்தால் நெட் சத்தமில்லாமல் போனுக்கு மாறியிருக்கலாம். ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தால் தினசரி 1.5 ஜிபி போயே போச்சு. ஹாட்ஸ்பாட்டோ டெதரிங்கோ, 'மீட்டர்டு கனெக்ஷன்' (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று விண்டோஸ் செட்டிங்ஸில் முதல் நாளே குறித்து வையுங்கள்.

மாங்கூழ் தொழிற்சாலை, தக்காளி மண்டி, கடை என்று சிசிடிவி வைத்திருப்பவர்களுக்கு வருகிற சிக்கல் வேறு. கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியை லேப்டாப்போடு நேராக கேபிளில் இணைப்பார்கள், நெட்டுக்கு வைஃபை. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐபி எண்ணைக் கையால் போடும்போது, டீஃபால்ட் கேட்வே (வெளி நெட்டுக்குப் போகும் வாசலின் முகவரி) கட்டம் காலியாக இருக்கிறதே என்று அதிலும் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். உடனே லேப்டாப் உலகத்துக்குப் போகிற வழி டிவிஆர் பக்கம்தான் என்று முடிவு செய்துவிடும். கேமரா தெரியும், நெட் வராது. கேட்வே கட்டத்தையும், தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கட்டத்தையும் காலியாகவே விடுங்கள். இன்னொன்று: டிவிஆரும் வைஃபை ரூட்டரும் இரண்டின் ஐபி எண்ணிலும் முதல் மூன்று பகுதி 192.168.1 என்று இருந்தால் எது எந்தப் பக்கம் என்று லேப்டாப்புக்குக் குழப்பம் வரும். டிவிஆரையும் லேப்டாப்பின் கேபிள் பக்கத்தையும் அந்த மூன்று பகுதி 192.168.10 என்று வரும்படி மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இரண்டு இணைப்பையும் செலக்ட் செய்து 'பிரிட்ஜ்' (இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டுவது) கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். வேகம் கூடாது, இரண்டும் ஒரே ரூட்டருக்குப் போனால் டேட்டா சுற்றிச் சுற்றி வந்து வீட்டு நெட் முழுவதும் திணறலாம். ஆபீஸ் கேபிளில் இருக்கும்போது சொந்த ஹாட்ஸ்பாட்டைப் போடுவதும் அப்படித்தான். ஆபீஸ் நெட்டைக் காவல் காக்கும் ஃபயர்வாலுக்குத் தெரியாமல் பின்வாசல் திறந்த மாதிரி ஆகிவிடும்; பல கம்பெனிகள் இதற்கு அனுமதிப்பதில்லை. பேங்க் வேலையோ விபிஎன்னோ ஓடும்போது இணைப்பை மாற்றாதீர்கள். நடுவில் ஐபி மாறினால் வெளியே தள்ளிவிட வாய்ப்பு உண்டு.

கரண்ட் போனால் வீட்டு ரூட்டரும் அணைந்து, லேப்டாப் தானாக ஹாட்ஸ்பாட்டுக்கு வந்துவிடும். உங்கள் ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடி, கேபிள்காரர் பக்கத்துப் பெட்டி அணைந்திருந்தால்தான் தொல்லை. கேபிள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், நெட் வராது, லேப்டாப்பும் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். கேபிளைக் கழற்றிவிடுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் இருப்பவர்கள் இந்த நேரத்தில் டெதரிங்கை விட ஹாட்ஸ்பாட்டையே வைத்துக்கொள்வது நல்லது. டவர் எந்த ஜன்னலில் கிடைக்கிறதோ அங்கே போனை வைத்துவிட்டு, லேப்டாப்பை வேறு இடத்தில் வைத்து வேலையைப் பார்க்கலாம்.