இலங்கை அதிபரின் கடைசி ஆண்டு: நம் கரையில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் அதிபர் தேர்தல் நெருங்கினால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மீனவரிடையே பேச்சு சூடாகிவிடும். ‘இவர் போனால் கொழும்பு மாறும்’ என்பார் ஒருவர். ‘போகிற நேரத்தில் நமக்கு ஏதாவது செய்துவிட்டுத்தான் போவார்’ என்பார் இன்னொருவர். மீனவர் சங்கத் தீர்மானமும் மனுவும் இந்தப் பேச்சிலிருந்துதான் எழுதப்படுகின்றன. அதனால் பேச்சு தவறினால் மனு தவறான வாசலுக்குப் போகிறது.

முதல் தவறு, நம் நாட்டுக் குடியரசுத் தலைவரை மனதில் வைத்து அங்குள்ளவரை அளப்பது. இங்கே முடிவெடுப்பது பிரதமரும் அமைச்சரவையும். அங்கே 1978 முதல் நிர்வாக அதிகாரம் அதிபரிடம். முப்படைத் தளபதியும் அவரே என்பதால் கடற்படையும் அவருக்குக் கீழ்தான்.

அடுத்தது தேதி பார்க்காமல் பேசுவது. 2015-இல் வந்த 19ஆவது திருத்தத்துக்குப் பின் பதவிக்காலம் 5 ஆண்டு. வழக்கமாக அது முடிய இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போது தேர்தல் வராது, ஒரு மாதத்துக்குக் கீழே போகவும் விடமாட்டார்கள். 2024 செப்டம்பர் 21 அப்படிக் குறித்த நாள். ஆனால் முன்கூட்டியும் வரலாம்: அப்போதைய அதிபர் மகிந்த ராஜபக்சே ஏறக்குறைய இரண்டு ஆண்டு மீதமிருக்கும்போதே 2014 நவம்பரில் தேர்தலை அறிவித்தார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விடுதலையைக் கொள்கை மாற்றம் என்று எடுத்துக்கொள்வது. 2014 அக்டோபர் 30 அன்று போதைப்பொருள் வழக்கில் நம் மீனவர் 5 பேருக்குக் கொழும்பில் மரண தண்டனை விதித்தார்கள். நவம்பரில், தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாட்களில், ராஜபக்சே அவர்களை விடுவித்தார். ஐந்து குடும்பங்கள் பிழைத்தன. அதைவிடப் பெரிய செய்தி அப்போது நமக்கு இல்லை. ஆனால் மன்னிப்பு அதிபர் ஒருவரின் கையெழுத்தில் முடிகிற காரியம். சட்டம் அப்படியல்ல. அடுத்த அதிபர் சிறிசேனா காலத்தில்தான், 2017 ஜூலையில், இழுவை மடியை (கடலடியை வாரி இழுக்கும் வலை) முழுவதுமாகத் தடை செய்யும் திருத்தத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் படகின் நீளத்தைப் பொறுத்து, இலங்கைப் பணத்தில் 17.5 கோடி ரூபாய் வரை ஏறியது. ஆகவே யாராவது ‘அவர் சொல்லிவிட்டார்’ என்றால் உடனே கேளுங்கள்: சொன்னது உத்தரவா, சட்டமா, ஒப்பந்தமா? உத்தரவை அடுத்த அதிபர் ஒரே நாளில் திருப்பலாம். சட்டத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு டெல்லியும் வேண்டும்.

ஒப்பந்தம் என்றதும் 1974-ஐ மட்டும் சொல்லி நிறுத்துவதும் வழக்கமாக நடக்கிற பிழை. கச்சத்தீவுக்கு மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் போய்வரலாம் என்பது 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு. இலங்கைக் கடலில் இந்திய மீனவர் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச்சில் இரு அரசும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வருகிறது. தீவைப் பற்றி மட்டும் பேசி மீன்பிடி உரிமை கேட்டால், எதிர்த்தரப்பு 1976-ஐ எடுத்து நீட்டும். நம்மிடம் பதில் இருக்காது.

‘இவர் சீனா ஆள், அவர் இந்தியா ஆள்’ என்ற கணக்கும் நிற்காது. ராஜபக்சே சீன முதலீட்டில் தொடங்கிய கொழும்புத் துறைமுக நகரைச் சிறிசேனா அரசு 2015 மார்ச்சில் நிறுத்தியது. அடுத்த ஆண்டே மறுபடி தொடங்கவிட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்ததும் அதே அரசு. பின்னால் அதிபராக இருந்த ரணில் விக்கிரமசிங்க தன் கடைசி ஆண்டில் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு விதித்த தடையும் 2024 ஜனவரி முதல் ஓர் ஆண்டுக்கு மட்டுமே. வெளியுறவு அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது அதன் முடிவுத் தேதி.

கடைசியாக, இலங்கையின் வடக்குத் தமிழ் மீனவரை மறந்துவிட்டு எல்லாவற்றையும் சிங்கள அரசியலாகப் பார்ப்பது. இது மனதுக்குக் கஷ்டமான விஷயம், ஆனாலும் கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும். இழுவை மடித் தடை மசோதாவைத் தனிநபர் மசோதாவாக முதலில் கொண்டுவந்தவர் அப்போதைய யாழ்ப்பாண எம்.பி. சுமந்திரன். நம் விசைப்படகால் மன்னார், யாழ்ப்பாணம் மீனவரின் வலை அறுந்த கணக்கு அவர்களிடம் இருக்கிறது. அங்கே வாக்குக் கேட்கப் போகிற எந்த வேட்பாளரும் தேர்தல் நேரத்தில் நம் விசைப்படகுக்கு இளகிப் பேச மாட்டார். 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர்கள் நேருக்கு நேர் பேசினார்கள். அதிபர் மாறிய பின் 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில் கூடினார்கள். நம் தரப்பு இலங்கைக் கடலில் மீன்பிடிக்க மூன்று ஆண்டுக்கு, ஆண்டில் 83 நாள் கேட்டது. வடக்கு மீனவரின் பதில் இரண்டு அதிபர் காலத்திலும் ஒன்றுதான்: இழுவை மடி வேண்டாம்.

எனவே மனுவை இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. சிறையில் இருப்பவர் பெயர், பிடிபட்ட தேதி, படகின் பதிவெண், வழக்கு நடக்கும் நீதிமன்றம் இவையெல்லாம் ஒரு தாளில். அதை மாநில அரசு வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கு உடனே அனுப்பலாம், தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் இதற்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. மடி, நாள் எண்ணிக்கை, எல்லை பற்றிய கோரிக்கை இன்னொரு தாளில். அதை 2016-இல் அமைத்த இந்திய-இலங்கை மீன்வளக் கூட்டுக் குழுவின் பேச்சுக்கு வைக்கும்படி கேட்க வேண்டும்; புதிய அதிபர் பதவியேற்று, நாடாளுமன்றமும் அமைந்த பிறகு அதே தாளை மறுபடி அனுப்ப வேண்டும்.