'சில்ட்ரன்ஸ்' என்று சொல்லத் தோன்றுவது ஏன்? ஆங்கிலப் பன்மையைப் படிப்படியாகக் கற்கும் முறை

பெயர்ச்சொல்லோடு 'ஸ்' சேர்த்தால் பன்மை வந்துவிடும் என்ற விதியோடுதான் எல்லோரும் ஆங்கிலம் கற்கத் தொடங்குகிறோம். அதற்கு அடங்காத சொற்களை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சொல்லும் எந்த வழியில் வந்தது என்று பார்த்துப் பழகுவதே மனத்தில் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. பிழையான வடிவங்கள் ஏன் பிறக்கின்றன என்பதும் அப்போது விளங்கிவிடும்.

முதல் படியாக, நடுவிலுள்ள உயிரொலி மாறும் சொற்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். மேன், உமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ் ஆகிய ஏழுமே இன்று எஞ்சியிருப்பவை. இவற்றின் பன்மை மென், விமின், ஃபீட், டீத், கீஸ், மைஸ், லைஸ். மிகப் பழைய காலத்தில் இவற்றின் பன்மை விகுதியில் ஓர் இகரம் இருந்தது. அதை ஒலிக்க நாக்கு முன்கூட்டியே ஆயத்தமானதால் நடு உயிர் திரிந்தது. பின்னர் விகுதி உதிர்ந்துபோக, திரிந்த உயிர் மட்டுமே பன்மையின் அடையாளமாக நின்றது. 'புக்' என்பதும் ஒருகாலத்தில் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அதன் பன்மை 'பேச்'. மக்கள் பொது விதியைப் பொருத்திப் பேசியதால் 'புக்ஸ்' வந்தது. 'ஃபுட்ஸ்' என்று சொல்லும் குழந்தை செய்வதும் அதையே. கணினியின் மவுஸைக் குறிக்கும்போது 'மவுஸஸ்' என்பதை அகராதிகளும் ஏற்கின்றன. மராத்தியிலிருந்து சென்ற, கீரியைக் குறிக்கும் 'மங்கூஸ்', கூஸுக்கு உறவில்லாத சொல் என்பதால், 'மங்கூஸஸ்' என்றே பன்மையாகும்.

இரண்டாவதாக, 'அன்' என்று முடியும் ஆக்ஸன், சில்ட்ரன் ஆகியவற்றைப் பாருங்கள். முன்பு 'சில்டர்' என்பதே பன்மை. அதன்மேல் இன்னொரு விகுதி ஏறிச் 'சில்ட்ரன்' ஆயிற்று. 'மாணவர்' என்பதில் 'அர்' என்னும் பன்மை விகுதி இருந்தும் நாம் 'கள்' சேர்த்து 'மாணவர்கள்' என்பது இதைப் போன்றதே. 'சில்ட்ரன்ஸ்' என்பது மூன்றாம் விகுதி. பன்மையாக அதை எழுதக் கூடாது. 'சில்ட்ரன்ஸ் புக்' என்பதில் வருவது உடைமைப் பொருள் தரும் 'ஸ்' என்பதால் அது சரியே, ஆனால் எழுத்தில் 'அபாஸ்ட்ரஃபி' என்னும் மேற்குறி வேண்டும்.

ஷீப், டீர் ஆகியவை இரண்டு எண்ணிலும் மாறுவதில்லை.

அடுத்த படி, கடன் வாங்கிய சொற்கள். 'க்ரைட்டீரியன்' என்பதன் பன்மையே 'க்ரைட்டீரியா'. எனவே 'க்ரைட்டீரியாஸ்' பிழை. ஆனால் லத்தீனில் பன்மையாக இருந்த 'அஜெண்டா' ஆங்கிலத்தில் முழுவதும் ஒருமையாகி, 'அஜெண்டாஸ்' என்ற புதிய பன்மையையும் பெற்றுவிட்டது. 'டேட்டா' இடைவழியில் நிற்கிறது: 'டேட்டா இஸ்', 'டேட்டா ஆர்' இரண்டும் வழங்குகின்றன, 'டேட்டாஸ்' மட்டும் வேண்டாம். ஆக்டோபஸ் கிரேக்க வேரிலிருந்து வந்தது. அதை லத்தீன் சொல்லாக எண்ணி 'ஆக்டோபை' என்றனர். அகராதிகள் அதையும் தருகின்றன, எனினும் நான் 'ஆக்டோபஸஸ்' என்பதையே பரிந்துரைப்பேன்.

கடைசியாக, தமிழர் நாம் மிகுதியாகத் தவறும் இடம். தகவல்கள், அறிவுரைகள் என்று எண்ணிப் பழகியதால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவை தண்ணீரைப் போல எண்ண முடியாதவை. எண்ணிக்கை தேவைப்பட்டால் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதுங்கள்.