டெங்கு வைரஸ் எல்லாம் ஒரே பந்து இல்லை: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் புது மாணவி இரண்டு பிளேட்டுகளோடு வந்து நின்றார். "மேடம், அதே ஆன்டிபாடி, அதே டெங்கு 2. ஒன்றில் தடுக்கிறது, இன்னொன்றில் தடுக்கவே இல்லை." (டெங்கு 2 என்பது டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் ஒன்று.) இதே கேள்வியோடு நான் நான்கு மாதம் அலைந்திருக்கிறேன். பிப்பெட் பிடிப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாத் துகளும் முதிர்ந்தவை என்று நம்புவது

பாடப்புத்தகப் படத்தில் டெங்கு வழவழப்பாக இருக்கும்: 50 நானோமீட்டர் அகலம், உறையில் இணை இணையாகப் படுத்திருக்கும் 180 இ (E) புரதங்கள். அது முதிர்ந்த துகள். செல்லுக்குள் உருவாகும்போது அதில் 60 முட்கள் துருத்திக்கொண்டிருக்கும். இ புரதத்தின் முனையை பிஆர்எம் (prM) என்ற இன்னொரு வைரஸ் புரதம் மூடியிருக்கும். வெளியேறும் வழியில் ஃப்யூரின் நொதி அதை வெட்ட வேண்டும். பல நேரம் பாதிதான் வெட்டுகிறது. கொசுவின் சி6/36 செல்லில் வளர்த்தால் இந்த அரைகுறைத் துகள்கள் நிறையவே வரும்.

வெட்டே விழாத துகள் தானாகத் தொற்றாது. ஆனால் பிஆர்எம்மைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டால், ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பி உள்ள செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மிச்ச வெட்டு அங்கே நடந்து தொற்றிவிடும். தடுக்க வேண்டிய ஆன்டிபாடியே ஏற்றிவிடுகிறது!

நான் ஒரு தொகுதியை சி6/36-லும் அடுத்ததைக் குரங்கின் வெரோ செல்லிலும் வளர்த்தேன். குழாயில் டைட்டர் (தொற்றும் வைரஸின் அளவு) மட்டும் எழுதினேன். எண்கள் பொருந்தவில்லை, ஆன்டிபாடியை மாற்றினேன், சீரத்தை மாற்றினேன். கடைசியில் புரதங்களை ஜெல்லில் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டை பிஆர்எம்முக்குப் போட்டபோது கொசுத் தொகுதியில் தடித்த பட்டை, வெரோவில் மெல்லிய கோடு. முதல் வாரமே போட்டிருக்க வேண்டிய பிளாட் அது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

தயவுசெய்து எந்தச் செல், எத்தனை டிகிரி, எந்த நாள் அறுவடை என்று குழாயிலேயே எழுதுங்கள்.

28 டிகிரியில் கண்டதை 37-க்கும் பொருத்துவது

28 டிகிரி என்பது கொசுச் செல் வளர்க்கும் சூடு. டெங்கு 2-இன் சில ஸ்ட்ரெயின்கள் (உள்வகைகள்) மனித உடல் சூட்டில் உப்பிக் கரடுமுரடாகின்றன. மறைந்திருந்த இடங்கள் ஆன்டிபாடிக்குத் தெரிய வரும். எல்லா ஸ்ட்ரெயினும் அப்படியில்லை. உங்களுடையதைச் சோதியுங்கள்.

ஒட்டியதைத் தொற்று என்று எண்ணுவது

செல்லில் ஒட்டினால் மட்டும் போதாது. செல் வைரஸை உள்ளே இழுக்கும் பையான எண்டோசோமில் அமிலம் கூடி, இ புரதம் மும்மூன்றாகச் சேர்ந்தால்தான் வைரஸின் உறை அந்தப் பையின் சவ்வோடு இணையும்.

சிக்குன்குனியாவுக்கும் இதே கணக்கைப் போடுவது

வேண்டாம். அது ஆல்பாவைரஸ் என்ற வேறு வகை, முதிர்ந்த பிறகும் 80 முட்கள் இருக்கும்.

மாணவியின் குழாய்களை வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் "டெங்கு 2" என்று மட்டும் இருந்தது. அப்புறம் இருவரும் சேர்ந்து ஜெல் ஊற்றினோம்.