அயர்லாந்து விடுதலைப் போர்: ஒரு தாக்குதலை ஆவணங்களைக் கொண்டு சரிபார்ப்பது எப்படி?

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1919 முதல் 1921 வரை நடந்த அயர்லாந்து விடுதலைப் போரைப் பற்றி எழுத வருபவர்கள் பலரும் முதலில் அதில் பங்கேற்றவர்களின் நினைவுகளைத் திரட்ட அயர்லாந்து அரசு அமைத்த ராணுவ வரலாற்றுப் பணியகத்தின் சாட்சி வாக்குமூலங்களைத்தான் திறக்கிறார்கள். மொத்தம் 1,773 வாக்குமூலங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, படிக்கவும் விறுவிறுப்பானவை. ஆனால் அவற்றைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். 1947 முதல் 1957 வரை திரட்டப்பட்டவை அவை. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துச் சொல்லும்போது, கண்ணால் கண்டதும் பிறகு படித்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றை முதலில் படித்தால் அந்தக் கதையே மனத்தில் பதிந்து, பிற ஆவணங்களை அதற்கு ஏற்பப் படிக்கத் தொடங்கிவிடுவோம்.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஜனவரி 21 அன்று டிப்பரரி மாவட்டத்தின் சோலோஹெட்பெக்கில் ஜெலிக்னைட் என்ற வெடிமருந்து ஏற்றிய வண்டிக்குக் காவலாக வந்த 2 போலீசாரை அயர்லாந்துத் தொண்டர் படையினர் கொன்ற தாக்குதல் நல்ல பயிற்சி. ஒரு தாளில் நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார், நேரில் இருந்தாரா.

முதலில் அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாள்கள். மரண விசாரணையில் சத்தியம் செய்து சொன்ன சாட்சியங்களை அவை விரிவாக வெளியிட்டன. ராணுவத்துக்குக் கூடுதல் அதிகாரம் தந்து 1920 ஆகஸ்டில் வந்த ஒழுங்கு மீட்புச் சட்டத்துக்குப் பிறகு பல இடங்களில் மரண விசாரணைக்குப் பதில் ராணுவ விசாரணைதான் நடந்தது. அந்தக் கோப்புகளை லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 35 (பிரிட்டிஷ் போர் அலுவலகம்) தொகுப்பில் தேடுங்கள். போலீஸ் மாத அறிக்கைகள் அங்கேயே சி.ஓ. 904 (குடியேற்ற நாட்டு அலுவலகம்) தொகுப்பில் உள்ளன. அவை எழுதியவரின் மேலதிகாரிக்காக எழுதப்பட்டவை. மாவட்டம் அமைதியாக இருப்பதாகக் காட்டும் ஆசை அவற்றில் இருக்கலாம்.

அடுத்து, டப்ளின் ராணுவ ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகள். 1924 ஓய்வூதியச் சட்டம் போருக்குப் பின் அமைந்த அயர்லாந்து சுதந்திர அரசின் ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு. பிரிட்டனுடன் 1921இல் செய்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களுக்கும், குமன் நா மன் என்ற பெண்கள் அமைப்பினருக்கும் வழி திறந்தது 1934 சட்டம்தான். பணத்துக்கான விண்ணப்பம் என்பதால் தன் பங்கைப் பெரிதாக்கிச் சொல்லும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் விண்ணப்பித்தவரின் பழைய படை அதிகாரிகளிடம் கேட்டுச் சரிபார்த்தார்கள். அந்தக் கடிதங்களைத் தவறாமல் படியுங்கள். விண்ணப்பத்தைவிட அவற்றில் உண்மை அதிகம் கிடைக்கும்.

இப்போது வாக்குமூலங்களுக்கு வரலாம். டான் பிரீன் (எண் 1739), ஷேமஸ் ராபின்சன் (எண் 1721) இருவரும் சோலோஹெட்பெக்கில் இருந்தவர்கள். ஆனால் தாக்கிய படைப்பிரிவின் உண்மையான தலைமை யாரிடம் இருந்தது என்பதில் நேர் எதிராகப் பேசுகிறார்கள். பிரீனின் நினைவுக் குறிப்பு 1924இலேயே அச்சாகிவிட்டது. ராபின்சன் அதற்குப் பதில் சொல்கிறார் என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அவர் அந்தப் பணியகத்தின் உறுப்பினராகவும் இருந்தவர். இப்படிப்பட்ட இருவரை இரண்டு சாட்சிகளாக எண்ணிக் கூட்டவோ, சராசரி பார்க்கவோ கூடாது. இருவரும் ஒத்துப்போகும் இடங்களைத் தனியே குறியுங்கள். பகையிருந்தும் ஒத்துப்போவதால் அவற்றுக்கு எடை கூடுதல்.

பெயர்களில்தான் தேடல் அதிகம் தவறும். ஒரே ஆள் ஓரிடத்தில் ஜான் பர்க், இன்னோரிடத்தில் ஷான் த பூர்கா. ஊர்களும் அப்படியே: கோவ் அன்று குயின்ஸ்டவுன், போர்ட்லீஷ் அன்று மேரிபரோ. இரு வடிவங்களிலும் தேடுங்கள். வயதையும் குடும்பத்தையும் 1911 மக்கள்தொகைக் கணக்கில் பாருங்கள். 1921இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை.

பெயர் வெளியிடாத நேர்காணலை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 1920 நவம்பர் 28 கார்க் மாவட்டத்தின் கில்மைக்கேலில் தொண்டர் படை நடத்திய தாக்குதலில் பிரிட்டிஷ் போலீசின் துணைப்படையினர் போலியாகச் சரணடைந்தார்களா என்ற சண்டை, 1998இல் வந்த ஆய்வு அப்படிப்பட்ட நேர்காணல்களைச் சான்றாகக் காட்டியதால் பல ஆண்டுகள் நீண்டது. பெயர் தெரியாத சாட்சி அங்கே இருந்தாரா என்று எவராலும் சோதிக்க முடியாது. எழுதும்போது ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் கோப்பு எண்ணோடு அது சொல்லப்பட்ட ஆண்டையும் போடுங்கள். முரண்பாடு தீரவில்லையென்றால் இரண்டையும் அப்படியே எழுதி, எதை நம்புகிறீர்கள், ஏன் என்று அங்கேயே சொல்லுங்கள்.