செப்டம்பர் முடிந்ததும் கடைக் கணக்கை ஒரு தடவை பாருங்கள்

நம் கணக்கு வருடம் ஏப்ரலில் ஆரம்பிப்பதால் பாதி வருடம் என்பது செப்டம்பர் 30. அது முடிந்ததும், தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் போதும்.

முதலில் ஆறு மாத விற்பனையைப் போன வருடம் இதே ஆறு மாதத்தோடு வைத்துப் பாருங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால், ஆடித் தள்ளுபடியும் ஆவணி முகூர்த்தமும் கணக்கைக் குழப்பிவிடும்.

அப்புறம் பாக்கி நோட்டு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேல் என்று பிரித்து எழுதுங்கள். விற்பனை நன்றாக நடந்தும் கையில் காசில்லை என்றால் பெரும்பாலும் பணம் இங்கே மாட்டியிருக்கும், இல்லையென்றால் அலமாரியில் தூசி படிந்த சரக்காகக் கிடக்கும். நான் முதல் தடவை பிரித்தபோது 90 நாள் பட்டியலில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், போன் செய்யவே கூச்சமாக இருந்தது. சரி, செய்தேன், கொஞ்சம் வந்தது.

அசையாத சரக்கைத் தீபாவளிக் கூட்டத்தில் அடக்க விலைக்காவது தள்ளிவிடுங்கள்.

வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்ததைத் தனியாக எழுதுங்கள், அதைக் கடைச் செலவில் சேர்த்தால் லாபம் எவ்வளவு என்றே தெரியாது. ஜிஎஸ்டி கட்டுபவர் என்றால், கொள்முதல் பில்கள் எல்லாம் ஜிஎஸ்டிஆர்-2பியில் (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் நம் பேரில் வரும் பட்டியல்) வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வராத பில்லுக்குச் சப்ளையரை இப்போதே பிடியுங்கள், மார்ச்சில் அவர் போனை எடுக்க மாட்டார்.