பிரைவேட் பேக்கேஜ் பப்ளிக்காகப் போய்விடும் இடங்கள்

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ்.ஜேசன் ஃபைலில் 'பிரைவேட்: ட்ரூ' என்று போட்டால் பேக்கேஜ் பிரைவேட்டாக வெளியாகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த வரி இருந்தால், பேக்கேஜை வெளியிடும் கருவியான என்பிஎம் பப்ளிஷ் செய்யவே மறுத்துவிடும், உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரிக்குக்கூட (பேக்கேஜ்களைச் சேமித்து வைக்கும் சர்வர்). சிக்கல் அதற்கு அப்புறம்தான்: எரர் வருகிறதே என்று அந்த வரியைத் தூக்கிவிட்டு மறுபடி கமாண்டை ஓட்டுவார்கள், ரெஜிஸ்ட்ரி எது என்று எங்கேயும் சொல்லியிருக்காது, டெர்மினல் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தால் பேக்கேஜ் நேராகப் பொது ரெஜிஸ்ட்ரிக்குப் போய்விடும். அங்கே ஸ்கோப் (பேருக்கு முன்னால் வரும் பயனர் அல்லது நிறுவனப் பெயர்) இல்லாத பேர் என்றால் எப்போதும் பப்ளிக்தான். @ குறியில் தொடங்கும் ஸ்கோப் பேர் இருந்தால் வேறெதுவும் சொல்லாதவரை பிரைவேட், ஆனால் ஓப்பன் சோர்ஸுக்கு எழுதிய ரிலீஸ் ஸ்கிரிப்டை அப்படியே காப்பி அடித்தால் அதிலிருக்கும் 'ஆக்சஸ் பப்ளிக்' அதையும் கெடுத்துவிடும்.

பேக்கேஜ்.ஜேசனின் பப்ளிஷ்கான்ஃபிக் பகுதியில் ரெஜிஸ்ட்ரி முகவரியை எழுதி வையுங்கள், யார் லேப்டாப்பிலிருந்து ஓட்டினாலும் ஒரே இடத்துக்குப் போகும். பைத்தானில் பேக்கேஜை ஏற்றும் கருவியான ட்வைன், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பொது ரெஜிஸ்ட்ரியான பைபிஐக்குத்தான் அனுப்பும். 'பிரைவேட் :: டூ நாட் அப்லோட்' என்ற கிளாசிஃபையரை (பேக்கேஜ் விவரங்களில் எழுதும் வகைக் குறிப்பு) சேர்த்தால் பைபிஐ அதை ஏற்காது. ரஸ்ட் மொழியின் கார்கோவில் பப்ளிஷ் என்ற இடத்தில் அனுமதிக்கும் ரெஜிஸ்ட்ரி பெயரை மட்டும் கொடுக்கலாம்.

அடுத்தது உள்ளே என்ன போகிறது என்பது. பேக்கேஜில் சேர்க்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் .என்பிஎம்இக்னோர் ஃபைல் இல்லாதவரை என்பிஎம், ஜிட்டில் ஏற்றக் கூடாதவற்றைப் பட்டியலிடும் .ஜிட்இக்னோரைப் பார்க்கும். டெஸ்ட் ஃபோல்டரை மட்டும் விலக்கலாமே என்று ஒருவர் ஒற்றை வரியில் .என்பிஎம்இக்னோர் ஃபைலை உருவாக்கினால், அதன்பின் .ஜிட்இக்னோரை அது திரும்பியே பார்க்காது, அங்கே ஒளித்திருந்த .என்வ் ஃபைல் பாஸ்வேர்டோடு பேக்கேஜுக்குள் ஏறிவிடும். எதை விலக்குவது என்று யோசிப்பதைவிட பேக்கேஜ்.ஜேசனின் 'ஃபைல்ஸ்' பட்டியலில் எது போக வேண்டுமோ அதை மட்டும் எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 'என்பிஎம் பேக் --டிரை-ரன்' ஓட்டினால் போகப்போகும் ஃபைல்கள் எல்லாம் திரையில் வரும், அரை நிமிட வேலை.

ரெஜிஸ்ட்ரியில் நுழைய உதவும் ரகசிய டோக்கனை, என்பிஎம்மின் செட்டிங்ஸ் ஃபைலான .என்பிஎம்ஆர்சியில் எழுதி ஜிட்டில் ஏற்றாதீர்கள், என்விரான்மென்ட் வேரியபிளாக வையுங்கள்.

தப்பிப்போய் வெளியிட்டுவிட்டால் முதல் வேலை, கசிந்த கீகளை மாற்றுவது. அன்பப்ளிஷ் (வெளியிட்டதை ரெஜிஸ்ட்ரியிலிருந்து நீக்குவது) அப்புறம், என்பிஎம்மில் 72 மணி நேரத்துக்குள், வேறு பேக்கேஜ் எதுவும் அதைச் சார்ந்திருக்காவிட்டால், எளிதாக முடியும், ஆனால் அதே வெர்ஷன் நம்பரை மறுபடி பயன்படுத்த விடாது.

பேக்கேஜை எடுத்து இன்ஸ்டால் செய்பவர்களும் கவனிக்க வேண்டும். பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப்பில் --எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல் கொடுத்தால் உங்கள் சர்வர், பைபிஐ இரண்டிலும் தேடி எதில் பெரிய வெர்ஷன் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும், அதே பேரில் வேறு யாரோ பைபிஐயில் 99.0 போட்டுவைத்திருந்தால் அதுதான் இறங்கும். --இண்டெக்ஸ்-யூஆர்எல்லில் உங்கள் சர்வரை மட்டும் கொடுங்கள்.