‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’: எங்கே சொல்லலாம், எங்கே தடுக்கும்?

1. முதலில் பொருள்

‘அவன் ஊருக்கு வர்றதே ஆடிக்கு ஒருதரம், அமாவாசைக்கு ஒருதரம்’ என்று அலுத்துக்கொள்கிறோமே, அதே இடத்தில் ஆங்கிலத்தில் உட்காரும் தொடர் இது. ரொம்ப அபூர்வமாக, எப்போதோ ஒரு தடவை. நிலாவின் நிறத்துக்கு இதில் வேலையில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறக்குறைய 29.5 நாள். ஆங்கில மாதம் 30, 31 நாள் என்பதால், மாதம் பிறந்ததுமே பௌர்ணமி வந்துவிட்டால் கடைசியில் இன்னொன்றும் வரும். அந்த இரண்டாவதைத்தான் இன்று ப்ளூ மூன் என்கிறார்கள். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை போல வரும். 2023 ஆகஸ்டில் வந்தது. (ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால் நமக்கு மலமாதம்!) ஆனால் தொடர் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்து அல்ல. 1946-ல் ஓர் அமெரிக்க வானியல் இதழ் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதால் பரவிய கணக்கு இது. தொடர் அதைவிடப் பழசு.

2. வாக்கியத்தில் வைப்பது

கடைசியில் வையுங்கள்: ‘வி ஈட் அவுட் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்.’ வெளியே சாப்பிடுவதே அபூர்வம் என்று பொருள். வழக்கத்தைச் சொல்வதால் வினை ‘ஈட்’ என்றே நிற்கும். ‘வி ஆர் ஈட்டிங்’ என்றால் இப்போது தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பதாக ஆகிவிடும். அழுத்தம் வேண்டுமானால் முன்னால் ‘ஒன்லி’ சேர்க்கலாம்.

3. வழுக்கும் இடங்கள்

‘நெவர்’, ‘டோன்ட்’ சேர்க்காதீர்கள். அபூர்வம் என்பது தொடருக்குள்ளேயே இருக்கிறது. ‘எ’ இருக்கும் இடத்தில் ‘தி’ போடுவதும் தப்பு.

ஆண்டுப் பரீட்சைக்கு இது பொருந்தாது, அது நாள் குறித்து வருவது. வாழ்க்கையில் ஒரே தடவை கிடைக்கும் வாய்ப்புக்கும் பொருந்தாது. அதற்கு ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ இருக்கிறது.

இது பேச்சுக்கும் நண்பர்களுக்கு எழுதுவதற்கும் உரியது. அலுவலக அறிக்கையில் ‘ரேர்லி’ போதும்.

4. ஒரு பயிற்சி

மேலே சொன்ன ஊருக்கு வராத பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹி கம்ஸ் ஹோம் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்.’ ‘கம்’ என்று நிறுத்தியிருந்தால், ‘ஸ்’ சேர்த்துத் திரும்பச் சொல்லுங்கள்.